டேட்டாபேஸ் டேபிளில் மதிப்பு இருக்கிறது, மைபேட்டிஸ் (க்வெரி முடிவை ஜாவா ஆப்ஜெக்டில் நிரப்பும் லைப்ரரி) வழியாக எடுத்தால் ஆப்ஜெக்டில் மட்டும் நல் (null, அதாவது மதிப்பே இல்லை) வருகிறது, எரரும் இல்லை. எங்கே தேடுவது?

எல்லா ஃபீல்டும் காலியாக வருகிறதா, சில மட்டுமா? முதலில் இதைப் பாருங்கள். எனக்கு விடை அங்கேதான் கிடைத்தது.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு ஸ்டாக் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தேன். ஜாவா, மைபேட்டிஸ், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ். முதல் ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததும் குடோன் சூப்பர்வைசர் ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா தம்பி, எல்லாத் தோலும் பூஜ்ஜியம் சதுர அடின்னு போட்டிருக்க? அப்ப நாங்க காத்தையா அடுக்கி வச்சிருக்கோம்?"

டேபிளில் பரப்பு சரியாகத்தான் இருந்தது. லாட், கலர் இரண்டும் ரிப்போர்ட்டில் ஒழுங்காக வந்தன. டோட்டல்_ஏரியா, பார்ட்டி_நேம் இரண்டும் வரவில்லை. (டேபிளின் column-ஐ காலம் என்று எழுதினால் நேரம் என்று படிப்பீர்கள், நெடுவரிசை என்றே சொல்கிறேன்.) ஒற்றைச் சொல் நெடுவரிசை வருகிறது, நடுவில் அடிக்கோடு போட்டது வரவில்லை. அரை நாள் கனெக்‌ஷனைச் சந்தேகப்பட்ட பிறகுதான் இது கண்ணில் பட்டது.

ஜாவாவில் அதே பெயரை அடிக்கோடு இல்லாமல் ஒட்டி எழுதி, இரண்டாம் சொல்லின் முதல் எழுத்தைப் பெரிதாக்குவோம். இங்கே வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்து, ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. இன்றும் 'ராணிப்பேட்டை, வேலூர் மாவட்டம்' என்று எழுதினால் தபால்காரர் புரிந்துகொண்டு கொண்டுவந்து கொடுத்துவிடுவார். மைபேட்டிஸ் அப்படி இல்லை. பெயர் பொருந்தாவிட்டால் சத்தமே போடாமல் விட்டுவிடும். 'மேப் அண்டர்ஸ்கோர் டு கேமல் கேஸ்' என்ற செட்டிங் இயல்பாக அணைந்தே இருக்கும். அதை ட்ரூ ஆக்கினேன், இரண்டும் வந்துவிட்டன. ஒரே ஒரு க்வெரிதான் என்றால் செலக்டில் ஆஸ் போட்டு ஃபீல்டின் பெயரையே கொடுத்தாலும் போதும்.

பூஜ்ஜியம் வந்தது என் தப்பு. பரப்பைச் சிறிய டி போட்ட டபுளாக வைத்திருந்தேன்; அதில் நல் நிற்காது, யாரும் மதிப்பு வைக்காவிட்டால் 0.0 என்றே இருக்கும். பெரிய டி போட்டிருந்தால் நல் என்று தெரிந்திருக்கும், சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

அப்புறம், மேப்பரின் (க்வெரிகளை வைத்திருக்கும் இன்டர்ஃபேஸின்) லாக் லெவலை ட்ரேஸுக்கு மாற்றுங்கள். எந்த நெடுவரிசை எந்தப் பெயரில், என்ன மதிப்போடு வருகிறது என்று வரி வரியாகக் காட்டும். 'ஆட்டோ மேப்பிங் அன்நோன் காலம் பிஹேவியர்' என்பதை ஃபெயிலிங் என்று வைத்தால் பொருந்தாத பெயருக்கு எரரே வரும்.

மைபேட்டிஸுக்குப் பதில் ஸ்பிரிங் பூட் ஃபிரேம்வொர்க்கோடு ஹைபர்னேட் (டேபிளை ஆப்ஜெக்டோடு இணைக்கும் இன்னொரு லைப்ரரி) என்றால் கதை தலைகீழ். அங்கே நெடுவரிசை இல்லை என்று எரரே வந்து நிற்கும். ஒட்டி எழுதிய பெயரை அது தானாகவே அடிக்கோடு போட்டு மாற்றிக்கொள்கிறது, அனோடேஷனில் நீங்கள் கைப்பட எழுதிய பெயரையும் சேர்த்து. டேபிளில் பெயர் ஒட்டியே இருந்தால், பிசிக்கல் நேமிங் ஸ்ட்ராடஜியை ஹைபர்னேட்டின் ஸ்டாண்டர்ட் இம்ப்ளுக்கு (PhysicalNamingStrategyStandardImpl) மாற்றுங்கள்.