நாவல் தட்டைத் தாண்டிப் போக

கேள்வி: நாவல் மட்டுமே வாசித்துப் பழகிவிட்டேன். வரலாறு, அறிவியல், பயணம் என்று மாறி வாசிக்க ஆசை. நூலகம் போனால் எதை எடுப்பதென்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்புகிறேன்.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பிடித்த நாவலிலிருந்தே தொடங்குங்கள். மலையகத் தோட்டத்துக் கதை ஒன்று மனதில் நிற்கிறதா? அங்கே கோப்பி ஏன் அழிந்தது என்று தேடுங்கள். 1869இல் கண்ட இலைத்துரு நோய் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. இந்த ஒரு கேள்வி தாவரவியல், பொருளாதாரம், புலம்பெயர்வு என்று மூன்று தட்டுகளுக்குக் கூட்டிப்போகும். கதைமாந்தரை முன்பே தெரியுமென்பதால் தகவல் வறட்சியாக இராது.

புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறை உள்ள நூலகத்தில் புத்தக முதுகிலுள்ள எண்ணைப் பாருங்கள். நீங்கள் நிற்பது 894.811, தமிழ் இலக்கியம். அறிவியல் 500இல், பயணம் 910இல், வாழ்க்கை வரலாறு 920இல் தொடங்கும்.

எடுத்த புத்தகத்தின் முதல் பக்கத்தை நம்பாதீர்கள், அதை எல்லோரும் செதுக்கித்தான் எழுதுவார்கள். பொருளடக்கத்தைப் பார்த்துவிட்டு நடுவில் இரண்டு பக்கம் வாசியுங்கள். அங்கே சொல்முறை தடுக்கினால் வைத்துவிடலாம். மொழிபெயர்ப்பு என்றால் இந்தச் சோதனை கட்டாயம்.

‘நூலகம்’ (noolaham.org) என்ற இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய சஞ்சிகைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றின் நூல் மதிப்புரைப் பக்கங்களிலிருந்து தலைப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கங்கள் படமாக இருப்பதால் சின்னக் கைபேசியில் கண் வலிக்கும், கணினியில் திறவுங்கள்.

கொழும்பில் நடக்கும் செப்டெம்பர் புத்தகக் கண்காட்சிக்கு அந்தக் குறிப்போடு, வார நாளில் காலையிலேயே போங்கள். சனி, ஞாயிறு நெரிசலில் நின்று புரட்டிப் பார்க்க முடியாது.