ஆர்க்கிட்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் அந்த மரத்தின் சத்தை உறிஞ்சிவிடும் என்று சொல்லி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பிடுங்கிப் போடச் சொல்கிறார்கள். பிடுங்கிவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். மரத்தின் சாற்றைக் குடிப்பது புல்லுருவி. ஆர்க்கிட் அந்த வகையைச் சேர்ந்தது இல்லை, வெறும் தொற்றுத் தாவரம். அதன் வேர் பட்டையைத் துளைக்காது, மேலே பற்றிக்கொண்டு நிற்கும். வேரைச் சுற்றிலும் வெலாமன் என்ற வெண்மையான திசு இருக்கும். மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் அதுதான் பிடித்துக்கொள்ளும். உங்கள் மரம் வாடுகிறது என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள்.

கேள்வி: ஐயா, அழகைத் தவிர ஆர்க்கிட்டால் காட்டுக்கு என்ன லாபம்? அது இல்லாமல் போனால் எதாவது குறையுமா?

பதில்: குறையும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆர்க்கிட் குடும்பத்தில் ஏறத்தாழ 28,000 இனங்கள் உண்டு. பூக்கும் தாவரங்களில் மிகப் பெரிய இரண்டு குடும்பங்களில் இது ஒன்று. பெரும்பாலானவை மரக்கிளைகளில் வாழ்பவை. அவற்றின் வேர்ப்பின்னலில் சருகு தங்கும், பாசி படியும், ஈரம் நிற்கும். பூச்சிகளுக்கும் சிறு தவளைகளுக்கும் தரையிலிருந்து வெகு உயரத்தில் ஒரு வசிப்பிடம் அப்படித்தான் கிடைக்கிறது. மெக்சிகோ பக்கத்தில் ஒரு ஆர்க்கிட்டின் தடித்த தண்டு உள்ளே வெறும் கூடாக இருக்கும். எறும்புகள் அதற்குள் குடியிருக்கும். அவை கொண்டுவந்து போடும் கழிவு செடிக்கு உரமாகும்.

அப்புறம் தேனீக்கள். அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் ஆர்க்கிட் தேனீ என்றே ஒரு கூட்டம் உண்டு. ஆண் தேனீ தேனுக்காக இல்லாமல் வாசனைக்காகப் பூவுக்கு வரும். வாசனைப் பொருளைச் சுரண்டிப் பின்னங்காலில் சேர்த்து வைத்து, பெண்ணைக் கவரப் பயன்படுத்தும். உண்ணும் பருப்பு தரும் பிரேசில் நட் மரத்தின் பூ இறுக மூடியிருக்கும். அதைத் தள்ளித் திறக்கும் வலுவுள்ள பெரிய தேனீக்களில் இந்தக் கூட்டமும் உண்டு. ஆண் தேனீக்கள் மரப்பிசினிலும் பூஞ்சையிலும்கூட வாசனை சேகரிக்கும். அதனால் ஆர்க்கிட் போனால் அந்தப் பருப்பே போய்விடும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பூவும் ஒரு பூச்சியும் எட்டத்தில் நிற்கும் ஒரு மரமும் எப்படித் தொடர்புபட்டிருக்கின்றன என்பது இதில் தெரியும்.

இன்னொன்று மண்ணுக்குள்ளும் மரப்பட்டையிலும் நடப்பது. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி. ஒரே காயில் லட்சக்கணக்கில் இருக்கும், ஆனால் விதைக்குள் சேமித்த உணவு என்று அநேகமாக ஒன்றும் கிடையாது. இயற்கையில் சரியான பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும். வளர்ந்த பிறகு சில பசுமை ஆர்க்கிட்டுகள் தாங்கள் செய்த சர்க்கரையைப் பூஞ்சைக்குத் திருப்பித் தருகின்றன. பூஞ்சை, பூச்சி, தாங்கும் மரம், ஈரம் எல்லாம் சரியாக இருந்தால்தான் ஆர்க்கிட் நிலைக்கும். ஆகவே ஒரு காட்டில் பல வகை ஆர்க்கிட்டுகள் தாமாகவே முளைத்துப் பெருகுகின்றன என்றால், அந்தக் காடு நலமாக இருக்கிறது என்று நான் தைரியமாக நம்புவேன்.

கேள்வி: சில ஆர்க்கிட் பூக்கள் தேனே தராமல் பூச்சியை ஏமாற்றுமாமே?

பதில்: ஆமாம், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இனங்கள் அப்படித்தான். பெண் பூச்சியின் உருவத்தையும் மணத்தையும் காட்டி ஆண் பூச்சியை வரவழைப்பவையும் உண்டு. அந்தப் பூச்சிக்கு லாபம் இல்லைதான். ஆனால் பூவும் பூச்சியும் ஒன்றையொன்று எப்படி வடிவமைக்கின்றன என்ற அறிவு நமக்கு ஆர்க்கிட்டால்தான் பெருமளவு கிடைத்தது. மடகாஸ்கரின் ஒரு ஆர்க்கிட்டில் தேன்குழல் கிட்டத்தட்ட 30 செ.மீ. நீளம். அதைப் பார்த்த டார்வின், அந்த அளவு நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள விட்டில் ஒன்று அங்கே இருக்க வேண்டும் என்று 1862-இல் எழுதினார். அவர் இறந்து 21 ஆண்டுகள் கழித்து, 1903-இல், அப்படியொரு விட்டிலை அறிவியல் உலகம் பதிவு செய்தது.

கேள்வி: மேடை அலங்காரம், பூங்கொத்து தவிர மனிதர் உண்ணும் ஆர்க்கிட் ஏதாவது உண்டா?

பதில்: நீங்கள் சாப்பிட்டிருக்கலாம்! வெனிலா ஒரு ஆர்க்கிட் கொடியின் காய். மெக்சிகோவிலிருந்து வேறு நாடுகளுக்குக் கொண்டுபோனபோது கொடி பூத்தது, காய்க்கவில்லை. 1841-இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், சிறு குச்சியும் கட்டைவிரலும் கொண்டு மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். இன்றும் தோட்டங்களில் ஒவ்வொரு பூவாகக் கையால்தான் செய்கிறார்கள். பூ ஒரே நாள்தான் விரியும், காய் முதிர எட்டு ஒன்பது மாதம் ஆகும். உலகம் முழுக்க மணக்கும் ஒரு தொழில் அந்தச் சிறுவனின் கையில் தொடங்கியது, அவனுக்கோ அதில் செல்வம் எதுவும் சேரவில்லை. வெனிலா என்று சொல்லும்போது அவன் பெயரையும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

துருக்கியில் ஆர்க்கிட் கிழங்கு மாவில் சலெப் என்ற பானம் செய்கிறார்கள். சாம்பியாவில் கிழங்கை அரைத்து சிக்கண்டா என்ற உணவு செய்கிறார்கள். இரண்டுக்கும் கிழங்கைக் காட்டிலிருந்து தோண்டி எடுப்பதால் செடிகள் வேகமாகக் குறைந்து வருகின்றன.

கேள்வி: மருந்துக்கு ஆகுமா? கஷாயம் வைக்கலாமா?

பதில்: சீன மருத்துவத்தில் டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகையின் தண்டு நெடுங்காலமாக இருக்கிறது. அதற்காக, கடையில் வாங்கிய தொட்டிச் செடியைக் கொதிக்க வைக்காதீர்கள். அதில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள்.

கேள்வி: படுக்கையறையில் வைத்தால் காற்று சுத்தமாகுமா?

பதில்: கடைகளில் அதிகம் விற்கும் பலேனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகை இரவில் கரியமில வாயுவை உள்ளே எடுக்கும் என்பது உண்மை. ஆனால் ஒன்றிரண்டு தொட்டியால் அறைக் காற்றில் உணரும்படி மாற்றம் வராது. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: ஆசைக்கு வாங்கி வளர்ப்பதே காட்டுக்குக் கேடா?

பதில்: எங்கிருந்து வந்த செடி என்பதைப் பொறுத்தது. 1922-இல் லூயிஸ் நட்சன் என்ற தாவரவியலாளர் பூஞ்சை இல்லாமலே சர்க்கரை சேர்த்த ஊடகத்தில் விதையை முளைக்க வைத்தார். 1960-இல் ஜார்ஜ் மொரெல் என்ற இன்னொரு தாவரவியலாளர், செடியின் சிறு துண்டிலிருந்து பல செடிகளை உருவாக்கும் திசு வளர்ப்பு முறையைக் காட்டினார். அதற்குப் பிறகு, பணக்காரர் மட்டும் வைத்திருந்த பூ எல்லார் வீட்டுக்கும் வந்தது. ஆய்வகத்தில் வளர்ந்ததைத் தாராளமாக வாங்குங்கள். வேரில் பட்டையும் பாசியும் ஒட்டியிருந்து, இலை கிழிந்து, பெயர்ச்சீட்டு இல்லாமல் விற்றால் காட்டிலிருந்து பிடுங்கியதோ என்று சந்தேகப்படுங்கள். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்ஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. காட்டுச் செடியை அனுமதி இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோவது குற்றம்.

கேள்வி: ஒரு இடத்தில் அழிந்த ஆர்க்கிட்டைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

பதில்: முடியும், பொறுமை வேண்டும். பிரிட்டனில் மஞ்சள் நிறச் செருப்புப் பூ ஆர்க்கிட்டைச் சேகரிப்பவர்கள் தோண்டித் தோண்டி, கடைசியில் காட்டில் ஒரே ஒரு செடிதான் மிஞ்சியது. அது இருக்கும் இடத்தை ரகசியமாக வைத்துக் காவல் காத்தார்கள். லண்டனின் கியூ தாவரத் தோட்டத்தில் விதையிலிருந்து நாற்றுகளை வளர்த்துப் பழைய இடங்களில் நட்டார்கள். நட்டவை பூக்கவே பல ஆண்டுகள் பிடித்தன. அந்த மண்ணில் பூஞ்சையும் அங்கே பறக்கும் தேனீக்களும் மீதமிருந்தால்தான் அடுத்த தலைமுறை தானாக முளைக்கும்.