நெட்ஸில் ஓடும் கை, மெட்சில் ஏன் நின்றுவிடுகிறது?

கேள்வி: நான் திருகோணமலையில் உயர்தரம் படிக்கிறேன். பாடசாலையின் 19 வயதுக்குட்பட்ட அணியில் மூன்றாவதாகத் துடுப்பெடுத்தாடுகிறேன். நெட்ஸில் எல்லாப் பந்தும் நடுவில் படுகிறது. மெட்சில் உள்ளே போனால் கை கால் கட்டிப்போட்டது போல ஆகிவிடுகிறது, பத்து ஓட்டங்களைத் தாண்டுவதே பெரும்பாடு. ‘உனக்குத் தன்னம்பிக்கை காணாது’ என்கிறார் சேர். அதை எங்கே போய் எடுப்பது? கொழும்புப் பாடசாலைகளுடன் ஆடும்போது இன்னும் மோசம். வீட்டிலோ, கிரிக்கெட்டை விட்டுவிட்டுப் படி என்கிறார்கள்.
– உவர்மலையிலிருந்து ஒரு மாணவர்

தம்பி, உங்கள் சேர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் கை நடுங்கும் ஒருவரிடம் தன்னம்பிக்கை வேண்டும் என்று சொல்வது, காய்ச்சலோடு வந்தவரிடம் உடம்புச் சூடு குறைய வேண்டும் என்று சொல்லி அனுப்புவது மாதிரி. குறையத்தான் வேண்டும். மருந்து எது?

முதலில், உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் அப்படியே நம்பப் போவதில்லை. ‘நெட்ஸில் எல்லாப் பந்தும் நடுவில் படுகிறது’ என்ற வரி. நெட்ஸில் உங்களுக்குப் பந்து வீசுவது யார்? பெரும்பாலும் கூடப் படிக்கும் கூட்டாளி. அவன் ஓடி வரும்போதே என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரே நீளத்தில் பத்துப் பந்து வந்தால் பதினொராவதை யாரும் வடிவாக அடிப்பார்கள். விளிம்பில் பட்டுப் போனால் ‘சரி, அடுத்தது’ என்று சிரித்துவிட்டு நிற்கலாம். அரை மணித்தியாலத்தில் நாலு தடவை ஆட்டமிழந்தவர் வீட்டுக்குப் போகும்போது ஞாபகம் வைத்திருப்பது அந்த ஒரு கவர் ட்ரைவை மட்டும்தான்.

நீங்கள் மறந்தாலும் மனம் மறப்பதில்லை. மெட்சில் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே நடக்கும்போது அது ஒரு சாட்சியைக் கேட்கும்: ஒரு தடவை தவறினால் முடிந்தது என்ற நிலையில் இதை நீ எப்போதாவது செய்திருக்கிறாயா? செய்ததில்லை என்றால், யார் என்ன ஊக்கம் சொன்னாலும் கை இறுகத்தான் செய்யும்.

உளவியலாளர் அல்பர்ட் பண்டுரா 1977இல் எழுதியது இதைப் பற்றித்தான். ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் நாலு வழியாக வருகிறது என்றார் அவர்: தானே செய்து முடித்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்யக் கண்டது, பிறர் சொல்லும் ஊக்கம், நம் உடம்பில் நடப்பதை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. இவற்றில் முதலாவதுதான் ஆகப் பலமானது. ஊக்கப் பேச்சுக்கு அவ்வளவு பலம் கிடையாது. நம் பாடசாலைகளில் மெட்ச் தொடங்குமுன் வட்டமாக நின்று செய்வது முழுக்க அந்த மூன்றாவது வகை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ஆகவே சாட்சியைத் தயார் செய்ய வேண்டிய இடம் நெட்ஸ். சேரிடம் கதைத்து வாரத்தில் ஒரு நாளையாவது இப்படி மாற்றுங்கள். நீங்கள் மூன்றாம் இலக்க வீரர். மெட்சில் பாட்ஸ் கட்டிக்கொண்டு காத்திருப்பதுதான் உங்கள் வேலையில் பாதி. பயிற்சியிலும் காத்திருங்கள். பாட்ஸ், க்ளவ்ஸ், ஹெல்மட் எல்லாம் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் சும்மா இருங்கள். எப்போது கூப்பிடுவார் என்று சேர் சொல்லக் கூடாது. கூப்பிட்டதும் தூரத்திலிருந்து நடந்து வந்து, நடுவராக நிற்பவரிடம் கார்ட் (ஸ்டம்புக்கு நேராகத் துடுப்பை வைக்கும் இடம்) கேட்டு எடுங்கள். களத்தடுப்பாளர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதைச் சேர் வாயால் சொல்லட்டும்: பொயின்ட் இருக்கிறார், மிட் விக்கெட் இல்லை, ஆறு ஓவரில் முப்பது வேண்டும். ஒரு பந்து வேகம், அடுத்தது சுழல், அதற்கடுத்தது இடது கைக்காரர் என ஆள் மாற்றி வீசட்டும்.

விதி ஒன்றே ஒன்று. ஆட்டமிழந்தால் பாட்ஸைக் கழற்ற வேண்டும். அன்றைக்கு மறுபடி துடுப்பு கிடையாது, மிச்ச நேரம் முழுக்கப் பந்து பொறுக்குவதுதான்.

முதல் சில வாரங்கள் கசக்கும். இரண்டாவது பந்திலேயே வெளியே வந்து, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். ‘நேரம் வீண், பந்து அடிக்கவே கிடைக்கவில்லை’ என்று தோன்றும். ஆனால் நெஞ்சு படபடக்க நின்று இருபது பந்துகளைத் தாண்டிய ஒரு நாள் வருமே, அந்த இருபது வழக்கமான நெட்ஸின் இருநூறைவிடப் பெறுமதியானது. மற்ற நாட்களில் பழைய மாதிரியே ஆடுங்கள்; கை பழக அதுவும் வேண்டும்.

அடுத்தது, நடுவில் நிற்கும்போது தலைக்குள் என்ன ஓடுகிறது என்பது. முழங்கையை உயர்த்து, காலைப் பந்துக்குக் கொண்டுபோ, தலை சாயாதே என்று பயிற்சியில் கேட்டதெல்லாம் பந்துவீச்சாளர் ஓடி வரும் நேரத்தில் ஒன்றாக வந்து நிற்கும். கைகால் இறுகுவது பெரும்பாலும் இதனால்தான். பழகிப்போய்த் தானாக நடக்க வேண்டிய ஒன்றை நெருக்கடியில் துண்டு துண்டாக யோசித்துச் செய்யப்போனால் அது குழம்பிவிடும். கணக்குப் பார்த்தால் யோசிக்க நேரமும் இல்லை. மணிக்கு 120 கிலோமீற்றரில் வரும் பந்து கையை விட்டு உங்களிடம் வர ஏறக்குறைய அரை விநாடிதான்.

அந்த அரை விநாடியில் வேலை கண்ணுக்கு. லாண்ட், மக்லியொட் என்ற இரு ஆய்வாளர்கள் துடுப்பாட்ட வீரர்களின் கண் அசைவைப் படம்பிடித்து 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். பந்து கையை விட்டு வரும் இடத்தைப் பார்க்கும் கண், அதைத் தொடர்ந்து கொண்டே வருவதில்லை; பந்து தரையில் படப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவிப் போய் நிற்கிறது. திறமை கூடியவரின் கண் இன்னும் முந்திப் போனது. இதிலிருந்து உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: பந்துவீச்சாளரின் கையில் பந்தைக் கண்டுபிடியுங்கள். மிச்சத்தைப் பழகிய உடம்பு பார்த்துக்கொள்ளும்.

ஆனால் ஒரு மணித்தியாலம் முழுக்க அப்படி உற்றுப் பார்க்க ஒருவராலும் முடியாது. அவுஸ்திரேலியாவின் முன்னாள் துடுப்பாட்ட வீரர் கிரெக் சப்பல், பந்துக்குப் பந்து கவனத்தைக் கூட்டிக் குறைக்கும் முறையைத் தானும் கடைப்பிடித்து மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர். அதை நம் அளவுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். பந்து முடிந்ததும் கோட்டை விட்டு ஸ்குயர் லெக் பக்கம் இரண்டடி போங்கள். ஒரு க்ளவ்ஸின் பட்டியைக் கழற்றி மறுபடி ஒட்டுங்கள். தூரத்தில் மரமோ மதிலோ, ஏதாவது ஒன்றைப் பாருங்கள். மூச்சை மெதுவாக, உள்ளே இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள். முடிந்த பந்து அந்த மூச்சோடு முடிந்தது. திரும்பி வந்து காலை வைத்ததும் மனதுக்குள் ஒரு சொல்: ‘கை’ அல்லது ‘பந்து’, உங்களுக்குப் பிடித்தது. அப்புறம் அவருடைய கையைத் தவிர வேறெதுவும் இல்லை. இதை மெட்சில்தான் செய்வேன் என்று வைத்திருந்தால் வராது. நெட்ஸில் ஒவ்வொரு பந்துக்கும் செய்து அலுத்துப்போக வேண்டும்.

இன்னொன்று. நீங்கள் தயாராக இல்லை என்றால் கையை உயர்த்தி விலகிக்கொள்ளுங்கள். தயாராகாத நீங்கள் அந்தப் பந்தை ஆட முயலாமல் விட்டால், நடுவர் அதைச் செல்லாத பந்தாக அறிவிக்க விதியில் இடமுண்டு. சின்னப் பிள்ளைகள் பெரியவர்களை மறிக்கக் கூச்சப்பட்டு அப்படியே நின்று ஆடிவிடுகிறார்கள். நம்மூரில் பந்துவீச்சாளருக்குப் பின்னால் மான் நடந்து போனாலும் ஆச்சரியப்பட ஏதுமில்லை. மான் போகட்டும், அப்புறம் ஆடலாம்.

நெஞ்சு படபடப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் தோல்வியின் அறிகுறி என்று எடுக்காதீர்கள். ஓட்டப் போட்டிக்கு முன்னாலும் உடம்பு இதையேதான் செய்கிறது. பயம் போன பிறகு ஆடலாம் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிற்பகல் மெட்ச் என்றால் தண்ணீரை முதல் நாளிலிருந்தே குடியுங்கள். வெயிலில் நாக்கு வறண்ட நிலையில் வரும் சோர்வைப் பலர் பயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது கொஞ்சம் சங்கடமான கேள்வி. உங்களுக்கு இருப்பது நம்பிக்கைக் குறைவா, பந்துப் பயமா? நம் பிள்ளைகளில் பலர் கடற்கரையிலும் ஒழுங்கையிலும் மென்பந்தில் வளர்ந்தவர்கள். டெனிஸ் பந்தின் எடை 58 கிராம் அளவு. கடினப்பந்து 156 முதல் 163 கிராம் வரை. விலா எலும்பில் ஒரு தடவை வாங்கிய உடம்பு, அடுத்த தடவை கேட்காமலே பின்னுக்குப் போகும். இதற்கு மனப்பயிற்சி உதவாது. தலைக்குப் பொருந்தும் ஹெல்மட் வேண்டும். அணிக்குப் பொதுவாக இருக்கும், கண்ணுக்கு மேல் ஆடும் ஹெல்மட்டோடு யாருக்கும் தைரியம் வராது. தொடைக்காப்பும் வேண்டும். பிறகு, எழும்பி வரும் பந்தைக் குனிந்து விடவும், சாய்ந்து விலகவும் டெனிஸ் பந்தில் தொடங்கிப் பழகிவிட்டுக் கடினப்பந்துக்கு வாருங்கள். பந்தைத் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறீர்கள் என்று தோன்றினால், கண்ணையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். அதை யாரும் யோசிப்பதில்லை.

சரி, கொழும்புப் பாடசாலைகள். அவர்கள் உங்களைவிட நல்ல விக்கெட்டில், அதாவது நல்ல ஆடுதளத்தில், அதிக மெட்ச் ஆடி வருகிறார்கள். அது உண்மை, மனதைத் தேற்றுவதற்காக அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் உங்களுக்குக் கஷ்டம் கொடுப்பது அவர்களின் பெயரைவிட, பெரும்பாலும் விக்கெட். மெட்டிங்கில், அதாவது பாய் விரித்த ஆடுதளத்தில், பழகியவருக்குப் புல்தரையில் பந்து எதிர்பார்த்த உயரத்துக்கு எழும்பாது. இடுப்புக்கு வரும் என்று பின்காலில் நின்று குறுக்கே இழுக்கப் பார்த்தால் பந்து முழங்காலில் வந்து படும், நடுவரின் விரல் மேலே போகும். ஆகவே அங்கே முதல் பத்துப் பந்துக்கு ஒரே திட்டம்: ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே போவதை விடுவது, நேரே வருவதை நேர்த் துடுப்பால் ஆடுவது. ஸ்கோர் பலகையைப் பார்க்காமல் பந்தை எண்ணுங்கள்.

சின்ன வேலை ஒன்றைக் கையில் கொடுத்தால் பயத்துக்கு இடம் குறையும் என்பதற்கு 2019 பெப்ரவரி டேர்பன் டெஸ்டைச் சொல்லலாம். 304 ஓட்டங்களைத் துரத்திய இலங்கை 226க்கு ஒன்பது விக்கெட்டுகளை இழந்திருந்தது. ஸ்டெய்னும் ரபாடாவும் இருந்த தென்னாபிரிக்கப் பந்துவீச்சு. குசல் பெரேராவின் ஆட்டமிழக்காத 153ஐ எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது பதினொராவதாக வந்த விஷ்வ பெர்னாண்டோவைப் பற்றி. 27 பந்துகளில் 6 ஓட்டங்கள், ஆட்டமிழக்கவில்லை. பிரிக்கப்படாத 78 ஓட்ட இணைப்பாட்டத்தில் அவருடைய பங்கு அவ்வளவுதான், வெல்வதற்கு அதுவே போதுமாக இருந்தது.

தோல்வியைப் பற்றிப் பேசினால் இலங்கையின் முன்னாள் துடுப்பாட்ட வீரர் மாவன் அத்தபத்து வராமல் இருக்க மாட்டார். 1990இலிருந்து 1994 வரை ஆடிய முதல் மூன்று டெஸ்டுகளில், ஆறு இனிங்ஸ்களில் ஐந்து பூச்சியமும் ஒரு ஒன்றும். பிறகு அதே மனிதர் ஆறு இரட்டைச் சதங்கள் அடித்தார். விடாமுயற்சி என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவார்கள். இடையில் உள்ளூர் முதல்தரப் போட்டிகளில் அவர் குவித்த ஓட்டங்களைச் சொல்வதில்லை. தேர்வாளர்கள் திரும்பக் கூப்பிட்டது அந்த ஓட்டங்களுக்காக.

‘இங்கிருந்து ஆடினால் யார் பார்க்கப் போகிறார்கள்’ என்ற நினைப்பும் உங்கள் கடிதத்தின் அடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆடிய விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கிலும், 2024இல் ஐ.பி.எல்.இல் ஹைதராபாத் அணிக்காகவும் பந்து வீசினார். வழி இருக்கிறது, அகலமான வழி இல்லை. கிழக்கில் வாய்ப்புகள் குறைவு என்பது உங்கள் மனதின் கோளாறு அல்ல, அதை நீங்கள் தனியே சரிசெய்யவும் முடியாது. உங்கள் கையில் இருப்பது அடுத்த மெட்சின் முதல் பத்துப் பந்துகள்.

ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டங்களைப் புள்ளிப்பதிவாளர் எழுதிக்கொள்வார். நீங்கள் எழுத வேண்டியது வேறு: எத்தனை பந்து ஆடினேன், அதில் எத்தனையில் கையில் பந்தைக் கண்டேன், எந்தப் பந்தில் திட்டத்தை விட்டேன், ஏன். நல்ல பந்துக்கு ஆட்டமிழந்த நாளையும், அவசரத்தில் ஆட்டமிழந்த நாளையும் இந்தக் கொப்பி பிரித்துக் காட்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதி நம்பிக்கை கரைகிறது. மெட்சுக்கு முதல் நாள் இரவு அதில் நல்ல பக்கங்கள் இரண்டை வாசித்துவிட்டுப் படுங்கள். மெட்ச் இல்லாத நாட்களிலும் தூக்கமோ சாப்பாடோ கெடுகிறது என்றால், அது கிரிக்கெட் விஷயம் மட்டும் இல்லை. வீட்டில் சொல்லி ஒரு வைத்தியரைப் பாருங்கள்.

கடைசியாக வீடு. அப்பா அம்மாவோடு வாதாடி வெல்ல முடியாது. உயர்தரம் இந்தத் தீவில் விளையாட்டுக் காரியமும் இல்லை. எந்த நாள் பயிற்சி, எந்த நாள் ரியூஷன், பரீட்சைக்கு முந்திய மாதங்களில் பயிற்சி எவ்வளவு குறையும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஒரு தவணைக்கு மட்டும் அனுமதி கேளுங்கள். தவணைப் பரீட்சையில் புள்ளி இறங்கினால் வாரத்தில் ஒரு நாள் பயிற்சியை நீங்களே குறைத்துக்கொள்வதாகவும் அதில் எழுதுங்கள். அப்பாவை மெட்சுக்கு வரச் சொல்வதும் நல்லதுதான். விக்கெட்டுக்கு நேர் பின்னால் நிற்காமல், ஒவ்வொரு பந்துக்கும் ஆலோசனை கூவாமல், தூரத்தில் நிழலில் இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.