புயலுக்குப் பிறகு ஊரை மீட்பது: கேள்வி பதில்

கேள்வி (வேதாரண்யம்): வெள்ளம் புகுந்த கிணற்றில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும்?

பதில்: அளக்காமல் கொட்டாதீர்கள். கிணற்றின் விட்டத்தை மீட்டரில் எடுத்து, விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் × 785 என்று பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 28,000 லிட்டர். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு 1,000 லிட்டருக்கு 60 கிராம் வீதம் 1.7 கிலோ தேவை. வாளிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விடுங்கள். தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்கி, அடியில் நிற்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் போடாமல் வெளியே கொட்டிவிடுங்கள். ஒரு ராத்திரி விட்டு, குளோரின் வாடை அடங்கும்வரை இறையுங்கள். அதன்பின் தினமும் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும். பழைய பவுடரில் வீரியம் இருக்காது, புதிதாக வாங்குங்கள். சுற்றிலும் நிலம் ஊறி நிற்கும்போது கிணற்றை முழுக்க இறைத்தால் உறை சரியும்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): காற்றடித்தாலே குழந்தை பயந்து அழுகிறாள்.

பதில்: இது என் துறை இல்லை அம்மா. 104 மருத்துவ உதவி எண்ணுக்கு அழைத்துப் பேசுங்கள், அல்லது அரசு மருத்துவமனை மனநல மருத்துவரைப் பாருங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி (பேராவூரணி): தென்னந்தோப்பு சாய்ந்துவிட்டது. உடனே கன்று வைக்கலாமா?

பதில்: முதலில் விழுந்த மரங்களை அப்புறப்படுத்துங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கரை கடந்த கஜா, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தோப்பு தோப்பாகச் சாய்த்தது. இப்படி விழுந்த மரங்கள் மட்கும்போது அதில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அந்த வண்டு குருத்தைத் துளைத்த காயத்தின் வழியே சிவப்புக் கூன்வண்டு உள்ளே போகும், நிற்கிற மரமும் செத்துப்போகும். நீங்கள் மட்டும் தோப்பைச் சுத்தம் செய்து பலனில்லை, பக்கத்துத் தோப்பிலிருந்து பறந்து வரும். தெரு தெருவாக நாள் குறித்து, அறுவை இயந்திரத்தைச் சேர்ந்து வாடகைக்கு எடுங்கள். ஆள் வைத்து வேலை செய்ய முடியாத விதவைகள், முதியவர்களின் தோப்புகளை முதலில் முடியுங்கள்.

ஆமணக்குப் பிண்ணாக்கு 1 கிலோவை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துப் பானைகளில் வைத்தால் வண்டு வந்து விழும். பிழைத்த மரங்களுக்கு, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் வையுங்கள். குருத்தழுகல் தெரிந்தால் அழுகியதை வெட்டி நீக்கிவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் தெளியுங்கள்.

கன்றுக்கு 25 அடி இடைவெளி, 3 அடிக் குழி. நெட்டை ரகம் காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். அதுவரை கடலை, உளுந்து, எள், வாழை என்று ஊடுபயிர் போடாவிட்டால் குடும்பம் கடனில் போகும். தோப்பை விற்கும் நிலை வருவது அந்த இடைக்காலத்தில்தான்.

கேள்வி (கோடியக்கரை): கிணற்றுக்கு ஒரு கிலோ பவுடர் போதுமா?

பதில்: மேலே கணக்கு இருக்கிறது. அளந்து பாருங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): கடல்நீர் ஏறிய வயலில் ஜிப்சம் போடச் சொல்கிறார்கள்.

பதில்: மண் பரிசோதனை இல்லாமல் ஜிப்சம் வேண்டாம். மண்ணின் காரத்தன்மை (pH அளவு) 8.5க்கு மேல் இருந்தால்தான் ஜிப்சத்துக்கு வேலை, வெறும் உப்பென்றால் மழைநீரே கரைத்துவிடும். 2004 சுனாமியில் கடல் சேறு படிந்த வயல்களுக்கும் இதே முறைதான். சேற்றைச் சுரண்டி எடுத்து, வரப்பை உயர்த்தி, வடகிழக்குப் பருவமழை நீரைத் தேக்கி, வடிகாலில் விடுங்கள். வடிகால் அடைந்திருந்தால் உப்பு எங்கும் போகாது. பிறகு பசுந்தாள் உரமாக ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயம் மடக்கி உழுங்கள். நெல்லுக்குத் திருச்சி 1 ரகம்.

கேள்வி (காரைக்கால்): கடலோரத்தில் வீடு கட்டவே விடக் கூடாது என்கிறேன். சரிதானே?

பதில்: உயிருக்குச் சரி, பிழைப்புக்கு முழுக்கச் சரியில்லை. சுனாமிக்குப் பிறகு 2005 மார்ச்சில் தமிழக அரசு போட்ட ஆணையில், கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்கள் விரும்பினால் வெளியே புது வீடு பெறலாம், விரும்பாதவர்கள் தங்கள் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தது. ஏழைக்கு அது தேர்வே இல்லை. படகையும் வலையையும் காற்றில் விட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டர் தள்ளி யார் தூங்குவார்? என்ஜினைத் தினமும் எப்படிச் சுமப்பது?

அதே நபர்: அப்படியானால் அடுத்த அலையில் சாகட்டுமா?

பதில்: அப்படிச் சொல்லவில்லை ஐயா. வீடு கடலை விட்டுத் தள்ளி உள்ளே இருக்கட்டும், ஆனால் கரையில் பூட்டுள்ள என்ஜின் அறை, வலைக் கொட்டகை, ஏலக்கூடம், கருவாடு காய வைக்க சிமெண்ட் தளம் எல்லாம் வேண்டும். கருவாட்டுத் தளத்தை விட்டுவிட்டால் பெண்களின் வருமானம்தான் முதலில் போகும். அங்கிருந்து புயல் காப்பகத்துக்கு ஆட்டோவும் தள்ளுவண்டியும் போகும் அகலத்தில், வளைவில்லாத பாதை வேண்டும். இவை கட்டி முடிந்த பிறகே ஊரைக் குடியமர்த்துங்கள். வீட்டைக் கட்டிவிட்டுக் கரையை மறந்தால், புது வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மறுபடி கடலோரக் குடிசைக்கே வருவார்கள்.

இன்னொருவர்: பயிர்க் காப்பீடு கிடைக்கவில்லை.

பதில்: அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமப் பதிவு) நகலோடு வேளாண் உதவி அலுவலரைப் பாருங்கள்.

கேள்வி (ஒரத்தநாடு): நிவாரணப் பட்டியலில் பாதிப் பேர் விடுபட்டுவிட்டார்கள்.

பதில்: பட்டா வைத்திருப்பவர்களை வைத்து எழுதினால் குத்தகைதாரர், வாடகைக் குடித்தனம், தனியாக வாழும் பெண்கள் விடுபடுவார்கள். தெருவாரியாக இரண்டு பேர் வீடு வீடாகப் போய், குடும்பத்தலைவர் பெயர், குடியிருக்கும் விதம், என்ன சேதம், தொழில் கருவி என்ன போனது என்று எழுதுங்கள். அதைக் கிராம சபையில் உரக்க வாசித்து, ஆட்சேபங்களையும் குறித்து, தீர்மானமாக நிறைவேற்றுங்கள். நகலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்து, தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.