பழைய வீடு மேப்பில் கிடைக்கலையா?

ஊர் பேரை விட்டுட்டு, நீங்க படிச்ச பள்ளிக்கூடத்தை மேப்பில் போடுங்க. பழைய வீட்டைப் பார்க்க வீட்டுக்காரரோட சென்னையிலிருந்து கார்ல வாறீங்க, திருவட்டார் பக்கம் 'புளியவிளை'ன்னு தேடினா வேற எங்கேயோ காட்டுதுன்னு எழுதியிருக்கீங்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல விளை, கோணம், கோடுன்னு முடியுற பேருக்குப் பஞ்சமே இல்ல. ஒரே பேர் நாலு இடத்துல இருக்கும். பழைய பத்திரத்துல கல்குளம் தாலுகான்னு இருந்தா குழம்பாதீங்க, திருவட்டார் இப்ப தனித் தாலுகா.

பள்ளிக்கூடத்துல இருந்து சேட்டிலைட் படத்துல நடந்து வந்த வழியை விரலால தொட்டுட்டே போங்க. சானல், அதான் பாசனக் கால்வாய், அதோட கரையைப் பிடிங்க, அது அவ்வளவு சீக்கிரம் மாறாது. வயலை அடையாளம் வைக்காதீங்க, வாழையோ வீடோ ஆகியிருக்கும். நான் எங்க வீட்டைச் சானல் வளைவை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். வாசல் அயனி மரம் போயிடுச்சு. அம்மை துணி துவைச்ச படிக்கல் மட்டும் நடுவுல தேஞ்சு அப்படியே கிடந்துச்சு.

ஒண்ணு, வீடு இப்ப வேற ஆளோடது. கேட்டுட்டு போட்டோ எடுங்க.

அப்படியே பக்கத்துல சுத்திப் பார்க்கணும்னா திங்கள்கிழமை வேண்டாம், பத்மநாபபுரம் அரண்மனை பூட்டியிருக்கும். ஆத்துக்கு மேல தண்ணி கொண்டுபோற மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம். வீட்டுக்காரருக்குத் தலை சுத்துமான்னு முதல்லயே கேட்டுக்குங்க.