ஈயச் சுரங்கமும் பஞ்சாலையும்: டெர்பிஷயர் டேல்ஸ் பயணம், வாசகர் கேள்விகள்

கேள்வி: இங்கிலாந்தில் டெர்பி நகரில் மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கப் போகிறோம். பக்கத்திலிருக்கும் டெர்பிஷயர் டேல்ஸ் மாவட்டத்தைப் பார்க்க ஆசை. கார் கிடையாது. ஒரே நாளில் எதையெல்லாம் பார்க்கலாம்? (மதுரை வாசகி)

பதில்: கார் இல்லாதது இங்கே பெரிய குறையில்லை. டெர்பியிலிருந்து மாட்லாக் போகும் ரயில் டெர்வென்ட் ஆற்றை ஒட்டியே போகிறது. அரை மணி நேரத்தில் க்ராம்ஃபர்ட், அடுத்த நிறுத்தம் மாட்லாக் பாத். ஆனால் மணிக்கு ஒரு வண்டிதான். ஆம்பர்கேட்டைத் தாண்டினால் ஒற்றைப் பாதை என்பதால், ஒரு வண்டி ரத்தானால் அடுத்தது வரும்வரை பிளாட்பாரத்தில் நிற்க வேண்டியதுதான். கடைசி வண்டியை நம்பாமல் அதற்கு முந்தையதைக் குறிவையுங்கள்.

நாங்கள் சொல்லும் வரிசை இது: முதலில் வர்க்ஸ்வர்த், பிறகு க்ராம்ஃபர்ட், நேரமிருந்தால் மாட்லாக் பாத். அதாவது ஈயச் சுரங்க ஊரான வர்க்ஸ்வர்த் முதலில், க்ராம்ஃபர்ட்டில் ரிச்சர்ட் ஆர்க்ரைட் நீர்விசையில் ஓட்டிய பஞ்சாலை பிறகு. பெரும்பாலானோர் ஆலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆலை ஏன் இந்த ஒதுக்குப்புறத்தில் வந்தது என்பது அவர்களுக்குப் பிடிபடுவதேயில்லை.

டெர்பி–மாட்லாக் ரயிலில் ஏறி டஃபீல்டில் இறங்கினால், அங்கிருந்து வர்க்ஸ்வர்த்துக்கு எக்கிள்ஸ்போர்ன் பள்ளத்தாக்குப் பழமை ரயில் போகிறது. தூரம் சுமார் 9 மைல். எல்லா நாளும் ஓடாது. அன்று ஓடுகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஓடாத நாளில் டெர்பியிலிருந்து பேருந்து உண்டு. ஊரில் செயின்ட் மேரி தேவாலயத்துக்குள் இரண்டு கற்களைத் தேடுங்கள். ஒன்று 1820இல் கண்டெடுத்த சாக்ஸன் காலக் கல்லறை மூடி. கிறிஸ்துவின் வாழ்க்கைக் காட்சிகள் நெருக்கமாகச் செதுக்கப்பட்டவை. மற்றொன்று சுவரில் பதித்த சின்னஞ்சிறு சிற்பம்: ஒரு கையில் குத்துக்கோடாலியும் மறு கையில் கூடையுமாக நிற்கும் சுரங்கத் தொழிலாளி. இடைக்காலத் தொழிலாளி ஒருவனின் உருவம் இப்படிக் கிடைப்பது அபூர்வம். கைப்பேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் காட்டினால் உருவம் துலங்கும்.

இந்த ஊரில்தான் சுரங்க நீதிமன்றமான பார்மோட் இன்றும் கூடுகிறது. தாதுவை அளக்க 1513இல் வார்த்த உலோகத் தொட்டி ஒன்று இங்கே உண்டு. அரசருக்குச் சேர வேண்டியது 13 தொட்டிக்கு ஒன்று. தொட்டி இருக்கும் மூட் ஹால் பொதுவாகத் திறந்திருக்காது.

வர்க்ஸ்வர்த்திலிருந்து க்ராம்ஃபர்ட்டுக்கு நடக்காமல் பேருந்திலேயே போங்கள். செங்குத்தான இறக்கம், நடைபாதையும் குறுகல்.

கேள்வி: கோவையில் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆர்க்ரைட் ஆலைக்குப் போனால் பழைய இயந்திரங்கள் ஓடுவதைப் பார்க்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: அந்த எதிர்பார்ப்போடு போனால் ஏமாற்றம்தான். 1922இலிருந்து இங்கே சாயம் தயாரிக்கும் ஆலை நடந்தது. 1979இல் ஆர்க்ரைட் சங்கம் வாங்கியபோது, வளாகத்தில் படிந்திருந்த குரோமேட் நச்சை அகற்றுவதே முதல் வேலையாக இருந்தது. ஐந்து தளங்களாக இருந்த முதல் ஆலையில் மேல் இரண்டும் தீயில் போய்விட்டன. நீங்கள் பார்க்கப் போவது கட்டடத்தையும் நீர்வழியையும். வழிகாட்டியோடு சுற்றும் சீட்டை எடுங்கள். தனியாகச் சுற்றினால் வெறும் கல்சுவராகத்தான் தெரியும்.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். தெருப்பக்கச் சுவரில் கீழ்மட்டத்தில் ஜன்னலே இருக்காது. இயந்திரங்களை உடைக்கும் கலகக்காரர்களுக்குப் பயந்து கோட்டை மாதிரி கட்டினார்கள். இரண்டாவது, நீர். ஆர்க்ரைட் 1771இல் இங்கே வந்ததற்கு முக்கியக் காரணமே அதுதான். ஈயச் சுரங்கங்களில் ஊறும் தண்ணீரை வெளியேற்ற மலைக்குள் குடைந்த வடிகால், சஃப் என்பது ஊர்ப்பேச்சு, வருடம் முழுக்க ஒரே அளவில் ஓடியது. நிலத்தடியிலிருந்து வெதுவெதுப்பாக வருவதால் குளிர்காலத்தில் உறையாது, சக்கரம் நிற்காது. அதனால்தான் 12 மணி நேர ஷிப்டுகளாக இரவும் பகலும் ஓட்ட முடிந்தது. 7 வயதுப் பிள்ளைகளையும் அந்த ஷிப்டுகளில் நிறுத்தினார்கள் என்பதை மறக்கக் கூடாது. பின்னால் 1840களில் மீர்புரூக் வடிகால் இன்னும் ஆழத்தில் தண்ணீரை இழுத்துக்கொண்டபோது ஆலைக்கு வந்த நீர் குறைந்தது. நூற்பும் அதோடு சரிந்தது.

மூன்றாவது, உங்களுக்குக் கைவந்த விஷயம்: ரோலர் டிராஃப்டிங். நீங்கள் பார்த்த ரிங் ஃப்ரேம் நூற்பு இயந்திரத்தின் அடிப்படை இதுவே. ஒவ்வொரு ஜோடி ரோலரும் முந்தையதைவிட வேகமாகச் சுழன்று பஞ்சுத்திரியை நீட்டும். ரோலரால் நீட்டும் யோசனைக்கு லூயிஸ் பால் 1738இலேயே காப்புரிமை எடுத்துவிட்டார். ஆனால் ஜோடிகளுக்கிடையிலான தூரமும் மேல் ரோலரின் பாரமும் சரியாக அமைந்தது ஆர்க்ரைட்டின் 1769 இயந்திரமான வாட்டர் ஃப்ரேமில்தான். தூரம் இழையின் நீளத்தைவிடக் குறைந்தால் ஒரே இழையை இரண்டு ஜோடியும் பிடித்து அறுத்துவிடும். அதிகமானால் குட்டை இழைகள் பிடிப்பின்றி மிதந்து நூல் தடிப்பும் மெலிவுமாக வரும். தோல் போர்த்திய மேல் ரோலரில் பாரம் போதாவிட்டால் திரி வழுக்கும். அசல் வாட்டர் ஃப்ரேம் பார்த்தே ஆகவேண்டுமென்றால் லங்காஷயரின் ஹெல்ம்ஷோர் அருங்காட்சியகத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சோழமண்டலக் கரை உட்பட இந்தியாவிலிருந்து போன அச்சுத்துணிகளுக்கு எதிராக 1721இல் பிரிட்டன் தடைச் சட்டம் போட்டது. உள்நாட்டில் நெய்த முழுப் பருத்தித் துணியும் அதில் மாட்டிக்கொண்டது. தன் நூலில் நெய்த முழுப் பருத்தித் துணிக்கு அந்தத் தடையை 1774இல் நீக்கவைத்தவர் ஆர்க்ரைட்.

கேள்வி: நேஷனல் டிரஸ்ட், இங்கிலிஷ் ஹெரிடேஜ் பயணிகள் பாஸ் வாங்கினால் லாபமா? (சென்னை வாசகர்)

பதில்: இரண்டும் பழமையான இடங்களைப் பராமரிக்கும் அமைப்புகள். அவற்றின் பாஸ் இந்த மாவட்டத்துக்கு மட்டும் என்றால் வேண்டாம். பெரிய இடங்களான சாட்ஸ்வொர்த், ஹாடன் ஹால் மாளிகைகள், க்ராம்ஃபர்ட் ஆலை மூன்றும் இரண்டு அமைப்பிலும் சேராதவை. வின்ஸ்டர் சந்தைக் கட்டடம், ஸ்டான்டன் மூரின் கல்வட்டம் ஆகியவை அவ்வமைப்புகளைச் சேர்ந்தவை, ஆனால் இலவசம். செப்டம்பரில் போவதானால் ஹெரிடேஜ் ஓப்பன் டேஸ் நாட்களைப் பாருங்கள். வழக்கமாகப் பூட்டியிருக்கும் கட்டடங்களையும் அப்போது காசில்லாமல் திறந்துவிடுவார்கள்.

சீட்டு வாங்கும் இடத்தில் "கிஃப்ட் எய்ட்" என்று கேட்பார்கள். சீட்டுப் பணத்தை நன்கொடையாகக் கருதி, அதற்குரிய வரியை அந்த இடம் அரசிடமிருந்து பெறும் ஏற்பாடு அது; பிரிட்டனில் வருமான வரி கட்டுபவர்களுக்கானது. மகளோ மருமகனோ தங்கள் பணத்தில் வாங்கினால் சரி என்று சொல்லலாம். உங்கள் பணத்தில் நீங்கள் வாங்கினால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கொள்ளைநோய் வந்தபோது தன்னைத்தானே அடைத்துக்கொண்ட ஈம் கிராமத்துக்கு எப்படிப் போவது? என்ன பார்க்கலாம்? (திருச்சி வாசகி)

பதில்: பேக்வெல் அல்லது ஷெஃபீல்டிலிருந்து பேருந்து. மாலையில் சீக்கிரமே நின்றுவிடும். இறங்கியதும் முதல் வேலையாக நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் திரும்பும் நேரத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகம் குளிர்காலத்தில் மூடியிருக்கும். மற்ற மாதங்களிலும் வார விடுமுறை உண்டு.

1665 செப்டம்பரில் லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்த துணிப்பொதியில் நோய் வந்ததாகச் சொல்வார்கள். 1666 ஜூனில் பாதிரியார் வில்லியம் மாம்பசனும் அவருக்கு முன்பிருந்த தாமஸ் ஸ்டான்லியும் சொல்ல, ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை என மக்கள் ஒப்புக்கொண்டார்கள். இறந்தவர்கள் 260 பேர் என்பது ஊர்க்கணக்கு. அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டன் பக்கம் வயல் வழியாக எல்லைக்கல்லுக்கு நடங்கள். கல்லில் குழிகள் இருக்கும். காசில் நோய் ஒட்டாதிருக்க அவற்றில் வினிகர் ஊற்றி அதில் காசைப் போட்டு வைப்பார்கள். வெளியூர்க்காரர்கள் காசை எடுத்துக்கொண்டு உணவை வைத்துவிட்டுப் போவார்கள். ஊருக்குக் கிழக்கே ரைலி கல்லறைகள். கணவனையும் ஆறு பிள்ளைகளையும் எட்டே நாளில் தன் கையால் புதைத்தார் எலிசபெத் ஹான்காக். அங்கே கொஞ்சம் நின்று வாருங்கள்.

நோயில் இறந்தவர்களின் பெயர்ப்பலகை வைத்த வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. பலகையைப் படிக்கலாம், ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கக் கூடாது.

கேள்வி: எனக்கு முழங்கால் வலி. படியேறாமல் பார்க்க ஏதாவது உண்டா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: ஹாடன் ஹாலில் தேய்ந்த கற்படிகளும் மேடுபள்ளத் தரையும், தவிர்த்துவிடலாம். உங்களுக்கு ஏற்றது க்ராம்ஃபர்ட் கால்வாய்க்கரை. ஆலைக்கு எதிரே தொடங்கும் பாதை சமதளம். ஒரு மைல் போனால் ஹை பீக் ஜங்ஷன் பழைய ரயில் பட்டறை. அதைத் தாண்டினால் ஆற்று நீரைக் கால்வாய்க்கு ஏற்ற 1849இல் அமைத்த லீவுட் நீராவிப் பம்பு. பம்பை ஓட்டிக் காட்டுவது குறிப்பிட்ட சில வார இறுதிகளில் மட்டும். மழைக்குப் பிறகு பாதை சேறாகும். பிடிப்புள்ள செருப்பு அவசியம். துணைக்கு வருபவர் நன்றாக நடப்பவரானால் அவர் மட்டும் வாட்ஸ்டாண்ட்வெல் நிலையம் வரை கரையிலேயே போய் ரயில் ஏறலாம். வழியில் சிறு சுரங்கம் ஒன்று இருட்டாக இருக்கும், டார்ச் வேண்டும். நீங்கள் பம்பிலிருந்தே க்ராம்ஃபர்ட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.