வீட்டுக்கு வீடு குழாய் போட்டும் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறாதது ஏன்? வருகிற தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?

தாம்பரத்தில் வேலை, மதுராந்தகம் பக்கம் சொந்த ஊர், அம்மா அப்பா இருப்பது கடைசித் தெருவில். குழாயில் அரை மணி நேரம் நூல் மாதிரி தண்ணீர், அதுவும் டேங்க் பக்கத்து வீடுகள் பிடித்து முடித்த பிறகு. இதுதான் நீங்கள் எழுதியிருப்பது. "இன்னொரு டேங்க் கட்டச் சொல்லுங்க" என்று நாலு பேர் சொல்வார்கள். கட்டினாலும் உங்கள் தெருவுக்கு ஏறாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 வீடு, வீட்டுக்கு நாலரைப் பேர், ஆக 900 பேர். 2019இல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர். மொத்தம் 49,500, கசிவையும் சேர்த்தால் 57,000 லிட்டர். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியை இரண்டு தடவை நிரப்பினால் தீர்ந்தது. 60 மீட்டர் ஆழத்து நீரை 12 மீட்டர் தொட்டிக்கு ஏற்ற, உராய்வையும் சேர்த்து, 5 எச்பி சப்மர்சிபிள் எட்டு மணி நேரம் ஓடினால் போதும். போர் வற்றாதவரை தண்ணீருக்குக் குறைவில்லை.

சிக்கல் தொட்டிக்குக் கீழே இருக்கிறது. பல ஊர்களில் தெருவில் கிடப்பது, அந்தக் காலத்தில் பத்துப் பொதுக்குழாய்க்காகப் போட்ட 90 மிமீ பிவிசி. அதில் இப்போது 200 இணைப்பு. வீட்டுக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால், எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்கும்போது 1,000 லிட்டர் கேட்கிறது. அந்த பைப்பில் 250 லிட்டர் போனால் 500 மீட்டர் தூரத்துக்கு நாலு, நாலரை மீட்டர் அழுத்தம், அதாவது தண்ணீர் ஏறக்கூடிய உயரம், உராய்வில் போகும். 500 லிட்டர் போனால் 16 மீட்டர். உங்கள் தொட்டியின் உயரமே 12 தான்! அப்புறம் 1,000 எங்கே போவது? முன்வரிசை வீடுகள் குடம், அண்டா, செடி, மாடு எல்லாம் முடித்துக் குழாயை மூடினால்தான் உங்கள் தெருவுக்குக் காற்றாவது வரும். அதற்குள் ஆபரேட்டர் வால்வை அடைக்கும் நேரம் வந்துவிடும். (உராய்வைக் கணக்கிடும் ஹேசன் வில்லியம்ஸ் சூத்திரத்தில், பைப்பின் வழவழப்பைக் குறிக்கும் சி எவ்வளவு எடுத்தாய் என்று சண்டைக்கு வரும் சிவில் நண்பர்களே, 140. பழைய பைப்புக்கு நிலைமை இதைவிட மோசம்தான்.)

தீர்வு, ஊரை நாலாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் தனி வால்வு. 50 வீட்டுக்கு நிமிடத்துக்கு 250 லிட்டர், 50 நிமிடம். வீட்டுக்கு 250 லிட்டர் கிடைக்கும். நாலு பகுதியும் முடிய மூன்று மணி இருபது நிமிடம். கடைசி வீட்டிலும் ஏழு மீட்டருக்கு மேல் அழுத்தம் மிச்சமிருக்கும். தெருக்கள் எல்லாம் ஒரே பைப்பில் சங்கிலி மாதிரி தொங்கினால் மட்டும், கடைசிப் பகுதிக்குத் தொட்டியிலிருந்தே தனி லைன் இழுக்க வேண்டும். டேங்க் பக்கத்து வீடுகளுக்கு, தெரு பைப்பிலிருந்து வீட்டு இணைப்பு பிரியும் ஃபெரூலின் துளையைச் சிறிதாக்க வேண்டும். இதற்கு ஊரில் சண்டை வரும், தெரிந்தே இறங்குங்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதிலும் இந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் ஏறவில்லை என்று மக்கள் இரண்டு வேலை செய்வார்கள். ஒன்று, அரை எச்பி மோட்டாரை நேராகக் குழாயில் மாட்டி உறிஞ்சுவது. இன்னொன்று, வாசலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, குழாயை அதற்குள் இறக்கிக் குடம் வைப்பது. பாத்திரம் கழுவிய தண்ணீர் அந்தக் குழியில் தேங்கும், குழாய் வாய் அதில் முழுகும். வால்வை அடைத்ததும் லைன் காலியாகி உள்ளே இழுக்கும். சோற்றுப் பருக்கையோடு அந்தத் தண்ணீர் பைப்புக்குள் போய், மறுநாள் அடுத்த வீட்டுக் குடத்தில் விழும். மோட்டார் போட்டால் இன்னும் மோசம்: சாக்கடையைக் கடக்கும் இடத்தில் ஒவ்வொரு ஜாயிண்டும் உறிஞ்சும். இணைப்பு எடுக்கும் இடத்தில் பைப்பைச் சுற்றிப் பிடிக்கும் சாடில் வாங்காமல், கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஓட்டை போட்டுச் சொருகிய இணைப்பு இருந்தால் சொல்லவே வேண்டாம்.

இதற்கு எதிராக இருக்கிற ஒரே காவல் குளோரின். 30,000 லிட்டருக்கு, லிட்டருக்கு 2 மிகி வீதம் என்றால் 60 கிராம் குளோரின் வேண்டும். 30 சதவீத பிளீச்சிங் பவுடராக இருந்தால் 200 கிராம். மூட்டை திறந்து கிடந்தால் வீரியம் போயிருக்கும், கூடுதலாக வேண்டும். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத் திறக்க வேண்டும். பிறகு சோதனை கடைசி வீட்டில்! டேங்க் அடியில் பார்த்துப் பயனில்லை. மிச்சமிருக்கும் குளோரினைக் காட்டும் குளோரோஸ்கோப்பில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மிகி காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் வழியில் எங்கோ அழுக்கு குளோரினைத் தின்கிறது, லைனைத் தோண்டிப் பாருங்கள். குளோரின் போட்டதும் தண்ணீர் பழுப்பானால் பயப்படாதீர்கள், இரும்புச்சத்து வெளிப்படுகிறது. கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனை பாட்டில் ஒன்றில் தண்ணீர் பிடித்து வையுங்கள்; ஓரிரு நாளில் கறுத்தால் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். ஆனால் ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் கொதிக்க வைத்தும் போகாது. தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுபோனதே ஃப்ளோரைடுக்காகத்தான். போர் தண்ணீரைக் கட்டாயம் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்: ஒரு லிட்டரில் ஃப்ளோரைடு 1.5 மிகிக்கு மேலும், நைட்ரேட் 45 மிகிக்கு மேலும் கூடாது.

கேட்காத ஒன்று. சென்னையில் வீட்டுக்கு ஒரு டிடிஎஸ் பேனா (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) வாங்கி வைத்துக்கொண்டு, ஊருக்குப் போகும்போதும் அதைக் குடத்தில் முக்கி "600 காட்டுது, விஷம்" என்று அம்மாவைப் பயமுறுத்துகிறார்கள். 500 வரை நல்லது. வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்பதுதான் இந்தியத் தர அளவு. அந்தப் பேனாவுக்குக் கிருமி தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீரும் அதில் 300 காட்டும். அதை நம்பி ஆர்ஓ மாட்டி, ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுகிறோம். மாதக் கணக்கில் கழுவாத சம்ப்பை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஆபரேட்டரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். கிடைக்கிற சம்பளத்துக்கு அவர் தொட்டி ஏறிக் கழுவுவதே பெரிது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபைக்கு ஒரு நாள் லீவு போட்டுப் போங்கள். "தண்ணீர் வரல" என்று பொதுவாகச் சொன்னால் மினிட்ஸில் ஒரு வரிகூட ஏறாது. நாலு வால்வு, அவற்றைச் சுற்றிக் கட்டும் வால்வு அறைகள், பகுதிவாரி நேர அட்டவணை, மோட்டார் பறிமுதல், கடைசி வீட்டில் வாரம் ஒரு குளோரின் சோதனை என்று ஐந்தையும் எழுதிக் கொடுத்து, தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். வால்வு சாவி ஒன்றுதான் இருக்க வேண்டும், அது ஆபரேட்டரிடம். இரண்டாவது சாவி யார் வீட்டு ஆணியில் தொங்குகிறது என்று ஊருக்கே தெரியும். முதலில் அதை வாங்குங்கள்.